கல்வராயன் புளியும் பேட்டரி இல்லாத லைட்டரும்

கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை ஒருமுறையாவது கழற்றிப் பார்க்காத வீடு குறைவு. பார்த்தவர்கள் எல்லோரும் தேடுவது பேட்டரியை. அது உள்ளே இருக்காது. ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங் தள்ளி விடும் சின்ன இரும்புச் சுத்தியல், சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பீங்கான் துண்டு, அதிலிருந்து முனைக்குப் போகும் கம்பி. இவ்வளவுதான். கட்டைவிரலால் அழுத்தினால் ‘டக்’ என்று பொறி பறக்கிறது. சார்ஜ் போடாமல், செல் மாற்றாமல் வருடக்கணக்கில் பறக்கிறது.

காற்றில் ஒரு மில்லிமீட்டர் தூரம் பொறி தாண்ட ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தான். அப்படியானால் ஒரு சுத்தியல் அடியில் இத்தனை ஆயிரம் வோல்ட் எங்கிருந்து வருகிறது?

பாதி விடை எளிது. ஆற்றலைத் தருவது உங்கள் கட்டைவிரல். ஸ்பிரிங்கில் சேர்ந்த அந்த ஆற்றல் சுத்தியல் அடியாக மாறிப் பீங்கானைத் தாக்குகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்துக்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். 1880இல் பாரிஸில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் சில படிகங்களில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

மீதிப் பாதிதான் கடினம். டீக்கடைக் கோப்பையும் பீங்கான்தான். அதை எப்படித் தட்டினாலும் பொறி வராது. லைட்டர் பீங்கானுக்குள் மட்டும் என்ன இருக்கிறது? இதற்கு விடை தேடப் போனால் கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே தெரியும் மலைக்கு, அங்கே விளையும் ஒரு பழத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

புளிக்குள் இருக்கும் அமிலம்

கல்வராயன் மலையில் தை, மாசி தொடங்கிப் புளி உலுக்குவார்கள். விழுந்ததைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சதைதான் சந்தைக்கு இறங்குகிறது. அந்தச் சதையில் நூற்றுக்கு 8 முதல் 18 பங்கு வரை ஒரே அமிலம் இருக்கிறது. டார்டாரிக் அமிலம். பெரும்பாலான பழங்கள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை இழக்கும். புளியில் பழுத்த பிறகும் இந்த அமிலம் குறைவதில்லை. சர்க்கரை மட்டும் கூடும்.

ஐரோப்பாவில் இதே அமிலம் திராட்சையில் உண்டு. மதுப் பீப்பாய்களின் உட்புறத்தில் அதன் பொட்டாசியம் உப்பு பொருக்காகப் படியும். பிரான்சின் லா ரோஷெல் நகரத்தில் மருந்து வணிகம் செய்த சென்யெத் குடும்பத்தார் 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பொருக்கோடு சோடாவைச் சேர்த்து ஒரு உப்பு தயாரித்தார்கள். அதைப் பேதி மருந்தாக விற்றார்கள். ரோஷெல் உப்பு என்று பெயர் நிலைத்தது. பார்க்கக் கற்கண்டு போலத் தெளிவாக, பெரிய பெரிய படிகங்களாக வளரும். கியூரி சகோதரர்கள் சோதித்த பொருட்களில் இதுவும் ஒன்று. அழுத்தினால் குவார்ட்ஸைவிடப் பல மடங்கு மின்சாரம் தந்தது.

ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வி நாற்பது ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1920இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஜோசப் வாலசெக், அதே உப்பின் படிகத்தை மின்தகடுகளுக்கு நடுவில் வைத்து வோல்ட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தார். இரும்பு காந்தமாகும்போது எப்படி நடந்துகொள்கிறதோ அப்படியே இந்த உப்பு மின்சாரத்தில் நடந்துகொண்டது. வோல்ட்டை நிறுத்திய பிறகும் படிகம் பழையபடி ஆகவில்லை. ஒரு பக்கமாகவே நின்றது. எதிர்த் திசையில் வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் புரண்டது. அந்த ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த இயற்பியலாளர் கூட்டத்தில் அவர் இதை அறிவித்தார். ஃபெர்ரோ மின்பொருள் என்று இன்று அழைக்கப்படும் ஒரு பெரிய வகையின் முதல் உறுப்பு அதுதான். புளியில் இருக்கும் அமிலத்தின் உப்பு.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது

எல்லாப் பொருளிலும் நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சமமாக இருக்கின்றன. பெரும்பாலான பொருட்களில் இரண்டின் மையமும் ஒரே இடத்தில் விழுவதால் வெளியே ஒன்றும் தெரியாது. சில படிகங்களில் மட்டும் நேர்மின் மையம் ஒரு பக்கமும் எதிர்மின் மையம் மறுபக்கமும் சற்றே விலகி நிற்கும். இந்த விலகலை மின்முனைவு என்போம். விலகல் அளவில் மிகச் சிறியது, ஒரு அணுவின் அகலத்தில் ஒரு சிறு பங்கு. கோடானுகோடி அணுக்கூட்டங்கள் ஒரே பக்கமாக விலகி நிற்கும்போதுதான் அது நம் கருவிகளுக்குத் தெரியும்.

விலகல் மட்டும் இருந்தால் போதாது. டூர்மலின் என்ற கல்லிலும் விலகல் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சூடாக்கினால் சாம்பலை இழுக்கும் கல்லாக அங்கே அது பேர் பெற்றது. ஆனால் டூர்மலினின் முனைவை மின்சாரத்தால் புரட்ட முடியாது. பிறந்த திசையிலேயே கடைசிவரை நிற்கும். ஃபெர்ரோ மின்பொருளின் முனைவைப் புரட்டலாம், புரட்டிய பக்கமே அது நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர்.

ரோஷெல் உப்பில் இது இன்னும் எளிமையாக இருக்கிறது. படிகத்தின் ஒரே ஒரு அச்சில், இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று இரண்டே திசைகள். முதலில் படிப்பதற்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது என்பது என் கருத்து. பாடநூல்கள் பேரியம் டைட்டனேட் என்ற இன்னொரு ஃபெர்ரோ மின்பொருளிலிருந்து தொடங்குகின்றன. அதில் ஆறு திசைகள். படிப்பவர் முதல் பக்கத்திலேயே குழம்பிப்போகிறார்.

மலையில் உண்டு, அடிவாரத்தில் இல்லை

ரோஷெல் உப்புக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. 24 பாகை செல்சியஸுக்கு மேலே போனால் அதன் முனைவு தானாக மறைந்துவிடும். வெப்ப ஆட்டம் மிஞ்சியதும் அணுக்கூட்டங்கள் ஒரு பக்கமாக நிற்பதை விட்டுவிடுகின்றன. இப்படித் திசை தொலையும் எல்லைக்குக் கியூரி வெப்பநிலை என்று பெயர். ரோஷெல் உப்புக்குக் கீழேயும் ஒரு எல்லை இருக்கிறது. மைனஸ் 18 பாகைக்குக் கீழே போனாலும் முனைவு மறைகிறது. இப்படி இரண்டு பக்கமும் வேலி போட்ட பொருள் மிக அபூர்வம்.

24 என்ற எண்ணை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கள்ளக்குறிச்சி சமவெளி. அங்கிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாக மேலே ஏறினால் வெள்ளிமலை. கல்வராயனின் வடபகுதியான சின்னக் கல்வராயனின் சராசரி உயரம் 2700 அடி, தென்பகுதியான பெரிய கல்வராயனுக்கு 4000 அடி. காற்றில் 1000 மீட்டர் மேலே போனால் சராசரியாக 6.5 பாகை குளிரும். 4000 அடி என்பது ஏறக்குறைய 1200 மீட்டர். ஆகவே சமவெளியைவிட அந்த உயரத்தில் 7 முதல் 8 பாகை வரை வெப்பம் குறைவு.

கார்த்திகை மாதப் பகலொன்றில் கள்ளக்குறிச்சியில் 30 பாகை என்று வைத்துக்கொள்வோம். அதே நேரம் 4000 அடியில் 22 அல்லது 23. ஒரே கரைசலில் வளர்ந்த இரண்டு படிகங்களில் ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் வைத்தால், மேலே இருப்பது ஃபெர்ரோ மின்பொருள். கீழே இருப்பது இல்லை. கீழே இருக்கும் படிகத்தை பஸ்ஸில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனால் ஏதோ ஒரு வளைவில் 24 பாகைக் கோட்டைத் தாண்டும்போது அதற்குள் முனைவு பிறக்கும். சித்திரையில் இந்தக் கோடு மலைக்கும் மேலே போய்விடும். மார்கழி விடியற்காலையில் சமவெளிக்கே இறங்கி வரும்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 24க்கு மேலே போனாலும் இந்த உப்பை அழுத்தினால் மின்சாரம் வரும். அழுத்தமின் குணத்துக்குத் தானாக நிற்கும் முனைவு தேவையில்லை, படிக அமைப்பு ஒரு குறிப்பிட்ட விதத்தில் சமச்சீர் இல்லாமல் இருந்தாலே போதும். 24ஐத் தாண்டியதும் தொலைவது திசையை நினைவில் வைக்கும் திறன்.

ஒரே படிகம், பல களங்கள்

24க்குக் கீழே குளிர்ந்த படிகம் முழுவதும் ஒரே பக்கம் சாயும் என்று எதிர்பார்ப்போம். அப்படி நடப்பதில்லை. ஒரு பட்டை இந்தப் பக்கம், அடுத்த பட்டை அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம் என்று படிகம் தனக்குள்ளேயே பிரிந்துகொள்கிறது. ஒரே திசையில் நிற்கும் ஒவ்வொரு பகுதியையும் களம் என்போம். இரண்டு களங்களுக்கு நடுவே இருக்கும் எல்லை களச்சுவர்.

காரணம் செலவுக் கணக்கு. படிகம் முழுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் மேல்முகம் முழுவதும் நேர்மின்னூட்டம், கீழ்முகம் முழுவதும் எதிர்மின்னூட்டம் என்று குவியும். அந்தக் குவியல் படிகத்துக்குள் எதிர்த்திசையில் ஒரு மின்புலத்தை உண்டாக்கி, முனைவையே கலைக்கப் பார்க்கும். பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் எதிரெதிராக நின்றால் மேல்முகத்தில் நேரும் எதிரும் மாறிமாறி வந்து ஒன்றையொன்று ஈடுகட்டும். சுவர் எழுப்பவும் ஆற்றல் செலவாகும் என்பதால் எல்லையில்லாமல் பிரியவும் முடியாது. இரண்டு செலவும் சேர்ந்து குறைவாக வரும் அளவில் பட்டைகளின் அகலம் நிற்கிறது.

ரோஷெல் உப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முனைவாக்கிய ஒளியில் வேலை செய்யும் நுண்நோக்கியின் கீழே வைத்தால் களங்கள் வெளிச்சமும் இருட்டுமான பட்டைகளாகத் தெரியும். 1953இல் ஜப்பானைச் சேர்ந்த மிட்சுயி, ஃபுருயிச்சி இருவரும் இப்படிப் பார்த்து அளந்து வெளியிட்டார்கள். பட்டைகள் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை என்றாலும் ஃபெர்ரோ மின்பொருட்களில் அவற்றின் நடுவே இருக்கும் சுவர் மிக மெல்லியது. பேரியம் டைட்டனேட் போன்றவற்றில் சில அணு வரிசைகளின் தடிமன்தான்.

திசை எப்படிப் புரள்கிறது

இந்த அத்தியாயத்தின் மையம் இதுதான், இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

மேல்நோக்கி நிற்கும் ஒரு களத்துக்கு, கீழ்நோக்கித் தள்ளும் வோல்ட் கொடுக்கிறோம். உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான அணுக்கூட்டங்களும் ஒரே நொடியில் சேர்ந்து புரளும் என்று நினைப்பது இயல்பு. அப்படிப் புரள எவ்வளவு வோல்ட் வேண்டும் என்று கணக்கிட்டால், பரிசோதனையில் உண்மையில் தேவைப்படுவதைவிடப் பல நூறு மடங்கு வருகிறது. படிகம் வேறு வழியில் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வெட்டி முடித்த கொல்லையில் சோகை கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஏக்கர் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வதில்லை. வரப்போரம் இரண்டு மூன்று இடத்தில் வைத்த தீ முதலில் சின்னச் சின்ன வட்டமாக இருக்கும். பிறகு காற்று வாக்கில் நீண்டு, பக்கவாட்டில் அகன்று, வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுச் சேரும். எந்த நேரத்திலும் எரிவது அந்த மெல்லிய விளிம்பு மட்டும்தான். விளிம்புக்கு ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் தொடாத சோகை.

முனைவு புரள்வதும் இதே வரிசையில்தான். முதலில் மின்தகட்டை ஒட்டிய பரப்பிலோ, படிகத்தில் ஏதாவது குறை இருக்கும் இடத்திலோ ஒரு சிறு புள்ளி புரண்டுகொள்கிறது. அது ஊசிபோல எதிர்முகம் வரை நீள்கிறது. பிறகு அதன் சுவர் பக்கவாட்டில் நகர்கிறது. சுவர் ஒரு வரிசை நகர்ந்தால் அந்த ஒரு வரிசை மட்டும்தான் புரள வேண்டும், அதற்கு ஆகும் செலவு சொற்பம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்ட்டர் மெர்ஸ் பேரியம் டைட்டனேட் படிகங்களில் இந்த ஊசிகளையும் சுவர் நகர்வையும் விரிவாக ஆராய்ந்தார். எந்தக் குறையும் இல்லாத படிகத்தில் புள்ளி தொடங்குவதே மிகக் கடினம் என்று பின்னால் வந்த கணக்குகள் காட்டின. அதாவது படிகத்தின் குறைகள்தான் புரள்வதைச் சாத்தியமாக்குகின்றன. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த உண்மை இது.

புள்ளிகள் தொடங்கவும் சுவர் நகரவும் ஒரு குறைந்தபட்ச வோல்ட் தேவை. அதற்குத் திருப்புப் புலம் என்று பெயர் வைப்போம். ரோஷெல் உப்புக்கு அது ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு 200 வோல்ட் அளவு. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் வெட்டிய தகட்டைப் புரட்ட 20 வோல்ட் போதும். 9 வோல்ட் பேட்டரிகள் மூன்றைத் தொடராக இணைத்தால் காரியம் முடிந்தது. இவ்வளவு மென்மையான ஃபெர்ரோ மின்பொருள் அதிகம் இல்லை.

வோல்ட்டைக் குறைத்துக்கொண்டே வந்து பூஜ்யத்தில் நிறுத்தினாலும் படிகம் புரண்ட பக்கமே நிற்கும். திருப்பிக் கொண்டுவர எதிர்த்திசையில் திருப்புப் புலம் வரை போக வேண்டும். போகும் வழி ஒன்று, வரும் வழி வேறு. பள்ளிப் பாடத்தில் காந்தத்துக்குத் தயக்கம் என்று படித்தோமே, அதேதான். இந்தத் தயக்கம் இருப்பதால்தான் ஃபெர்ரோ மின்பொருளில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று எழுதி வைக்கலாம், கரண்ட் போனாலும் அழியாது.

லைட்டர் பீங்கானுக்குத் திசை வந்த கதை

இப்போது லைட்டர் புரியும். ரோஷெல் உப்பு 1930களிலிருந்து மைக்குகளிலும் கிராமஃபோன் ஊசித் தலைகளிலும் இருந்தது. ஆனால் ஈரம் பட்டால் கரையும், 55 பாகையைத் தாண்டினால் கெட்டுவிடும். நம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அது பிழைக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சோவியத் ஒன்றியத்திலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்ட பேரியம் டைட்டனேட் 120 பாகை வரை தாங்கியது. 1950களில் ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் சேர்ந்த ஆக்சைடு வந்தது. கலவையைப் பொறுத்து 300 பாகைக்கு மேலும் அது தன் முனைவை விடாது. லைட்டரில் இருப்பது இதுதான். மருத்துவமனை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் முனைகளில் பெரும்பாலானவற்றிலும் இதுவே.

பொடியை அழுத்தி 1200 பாகைக்கு மேல் சூளையில் சுட்டெடுத்த பீங்கான் துண்டு, சூளையிலிருந்து வந்த நிலையில் எதற்கும் உதவாது. அதற்குள் லட்சக்கணக்கான நுண்மணிகள், ஒவ்வொரு மணிக்குள்ளும் பல களங்கள், ஒவ்வொரு களமும் ஒவ்வொரு திசை. தட்டினால் ஒரு களம் தரும் மின்னூட்டத்தை இன்னொன்று தின்றுவிடும். ஆகவே தொழிற்சாலையில் அதைச் சூடான எண்ணெய்த் தொட்டியில் மூழ்கவைத்து, மில்லிமீட்டருக்கு 2000 முதல் 4000 வோல்ட் வரை கொடுத்து, சிறிது நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். சூட்டில் சுவர்கள் எளிதாக நகரும். முடிந்தவரை எல்லாக் களங்களும் வோல்ட்டின் பக்கம் புரளும். வோல்ட்டை விடாமலே ஆறவைத்தால் அந்தத் திசை உறைந்துவிடும். கோப்பைப் பீங்கானுக்கும் லைட்டர் பீங்கானுக்கும் வித்தியாசம் இங்கே இருக்கிறது. முதலில் அதன் பொருளிலேயே புரளும் முனைவு இருக்க வேண்டும். பிறகு யாரோ ஒருவர் அந்த முனைவை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருக்க வேண்டும். லைட்டரின் பீங்கானைக் கியூரி வெப்பநிலைக்கு மேலே சூடாக்கினால் திசை கலைந்து, ஆறிய பிறகும் பொறி வராது.

களைத்துப்போகும் சுவர்கள்

கணினி நினைவகத்தில் ஒரே இடத்தைக் கோடிக்கணக்கான முறை புரட்ட வேண்டியிருக்கும். 1980களில் இதற்காகச் செய்த மெல்லிய ஃபெர்ரோ மின்படலங்கள் சில லட்சம், சில கோடி புரட்டலுக்குப் பிறகு களைத்துப்போயின. மின்தகடாக வைத்த பிளாட்டினத்துக்கு அருகே ஆக்சிஜன் இல்லாத வெற்றிடங்கள் சேர்ந்து களச்சுவர்களைப் பிடித்து நிறுத்திவிடுவது முக்கியக் காரணமாகப் பார்க்கப்பட்டது. படலம் அப்படியே இருக்கும், சுவர் மட்டும் நகராது.

இதற்கு வழி கண்டவர்களில் ஒருவர் ராமமூர்த்தி ரமேஷ். 1980இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம், பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பிறகு பெர்க்லி. 1990களின் தொடக்கத்தில் பெல்கோர் ஆய்வகத்தில் அவர் குழு பிளாட்டினத்துக்குப் பதிலாக மின்கடத்தும் ஆக்சைடுகளையே தகடாக வைத்தது. களைப்பு பெருமளவு நின்றது. 2003இல் அவர் குழுவினர் வெளியிட்ட பிஸ்மத் ஃபெரைட் படல ஆய்வு, மின்முனைவும் காந்த ஒழுங்கும் ஒன்றாக இருக்கும் பொருட்களை நோக்கி உலக ஆய்வகங்களைத் திருப்பியது. முனைவு நேராக நிற்காமல் சுழியாகச் சுருண்டு நிற்கும் களங்களையும் பின்னாளில் அவர்கள் படம்பிடித்தார்கள்.

வெள்ளிமலையிலும் கள்ளக்குறிச்சியிலும் செய்யக்கூடிய சோதனை

தமிழ்நாட்டில் படிக வளர்ப்புக்கு நல்ல மரபு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. ஆனால் ரோஷெல் உப்புக்கு ஆய்வகம்கூட வேண்டாம். பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் கிரீம் ஆஃப் டார்ட்டர் 188 கிராம், சமையல் சோடா 84 கிராம். கால் லிட்டர் சுடுதண்ணீரில் கிரீம் ஆஃப் டார்ட்டரைக் கலக்கி, சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் நுரைத்துப் பொங்கி அடங்கும். தெளிந்ததும் வடிகட்டி, ஆடாத இடத்தில் மூடி வைத்தால் சில நாளில் அடியில் படிகங்கள் இறங்கும். நல்ல வடிவான சிறு படிகம் ஒன்றை நூலில் கட்டி, மிச்சக் கரைசலில் தொங்கவிட்டால் அது பெரிதாகும். தகடாக வெட்ட ரம்பம் வேண்டாம். நனைந்த நூலை முன்னும் பின்னும் இழுத்தால் போதும், படிகம் அந்த வழியே கரைந்து பிளக்கும்.

நீளவாட்டுக்குச் செங்குத்தான இரண்டு திசைகளில் ஒன்றில்தான் முனைவு இருக்கிறது. இரண்டு திசையிலும் தகடு வெட்டி, இரு முகத்திலும் அலுமினியத் தாள் ஒட்டி, மின்தேக்குத்திறன் அளக்கும் மல்டிமீட்டரை இணையுங்கள். ஐஸ் வைத்த பாத்திரத்தில் குளிரவைத்து, மெல்லச் சூடேற விட்டு, ஒவ்வொரு பாகைக்கும் அளவைக் குறியுங்கள். சரியான தகடாக இருந்தால் 24 பாகைக்கு அருகே எண் பல மடங்கு எகிறி மீண்டும் இறங்கும். அந்த உச்சிதான் கியூரி வெப்பநிலை.

கல்வராயனிலும் கள்ளக்குறிச்சியிலும் பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே கரைசலில் வளர்த்த படிகங்களை இரண்டு பள்ளிகள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மலையில், ஒன்று சமவெளியில். ஐப்பசியிலிருந்து தை வரை தினமும் ஒரே மணிக்கு வெப்பநிலையையும் மின்தேக்குத்திறனையும் இரண்டு பள்ளியிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரே உப்பு ஒரு ஊரில் ஃபெர்ரோ மின்பொருளாகவும் இன்னொரு ஊரில் சாதாரணப் படிகமாகவும் இருக்கும் நாட்களைப் பிள்ளைகள் தங்கள் நோட்டிலிருந்தே எண்ணிச் சொல்வார்கள்.